இடறும் பிரெஞ்சு இலக்கணம்: தமிழ் வழியாக ஒரு பாதை

"அஞ்சு வருஷமா இங்கதான் இருக்கேன்." இதைப் பிரெஞ்சில் சொல்லச் சொன்னால் நம்மவர்களில் பலர் முதலில் மனத்துக்குள் ஆங்கிலமாக்குவார்கள். 'ஹேவ் பீன்' என்று ஒரு கடந்தகாலச் சாயல் அங்கே ஒட்டிக்கொள்ளும். அதோடு பிரெஞ்சுக்கு வந்தால் வாக்கியம் தப்பாகிவிடும். பிரெஞ்சுக்காரர் சொல்வது 'ஜாபித் இஸி டெப்யுயி ஸேங்க்-ஆன்'. வினை சுத்தமான நிகழ்காலம். 'டெப்யுயி' செய்வது 'வருஷமா' என்பதில் உள்ள 'ஆ' செய்கிற வேலை. தமிழிலிருந்து நேராகப் போயிருந்தால் இடறியே இருக்க மாட்டோம்.

பிரெஞ்சு இலக்கணம் கடினம் என்று புலம்பும்போது இரண்டு வேறு விஷயங்களைச் சேர்த்தே புலம்புகிறோம். சில, தமிழில் அறவே இல்லாதவை: உயிரற்ற பொருளுக்குப் பால், பெயருக்கு முன்னால் நிற்கும் குட்டிச் சொற்கள். இவற்றை உட்கார்ந்து பழகத்தான் வேண்டும். மற்றவை தமிழில் ஏற்கெனவே இருப்பவை. ஆங்கிலத்தைச் சுற்றிக்கொண்டு போவதால்தான் கடினமாகத் தெரிகின்றன. பாடநூல்கள் பெரும்பாலும் இந்த இரண்டாவது வகையைத் தமிழோடு பொருத்திக் காட்டுவதில்லை என்பதால் அதில்தான் நான் கூடுதல் நேரம் நிற்கப்போகிறேன்.

பிளஸ் டூவில் மதிப்பெண்ணுக்காகப் பிரெஞ்சு எடுத்து மறந்தவர்களுக்கும், புதுச்சேரியிலோ சென்னையிலோ இப்போது தொடங்குகிறவர்களுக்கும், பிரான்சில் குடும்பத்தோடு சேரப் போகிறவர்களுக்கும் இது பொருந்தும். கடைசி வகையினருக்கு அவசரம் அதிகம். 2024 ஜனவரியில் வந்த சட்டத்தின் தொடர்ச்சியாக, 2026 தொடக்கத்திலிருந்து அங்கே, ஐரோப்பிய மொழித்தர அளவுகோலின்படி, பொதுவாகப் பல்லாண்டு வதிவிட அட்டைக்கு ஏ2, பத்தாண்டு அட்டைக்கு பி1, குடியுரிமைக்கு பி2 என்று மொழித்தரம் கேட்கிறார்கள். கீழே உள்ளவற்றில் முதல் மூன்று படிகள் ஏ2-வுக்கே தேவை. மற்றவை பி1-ஐத் தொடும்போது.

பிரெஞ்சுச் சொற்களைக் காதில் விழுகிறபடி தமிழில் எழுதியிருக்கிறேன். 'த' என்று எழுதிய இடத்தில் 'தமிழ்' என்பதன் முதல் ஒலி, 'ட' என்று எழுதிய இடத்தில் 'தினம்' என்பதன் முதல் ஒலி என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் நாக்கு பல்லைத்தான் தொடும். சொல்லின் முடிவில் வரும் 'ன்' பெரும்பாலும் மூக்கொலி மட்டுமே. எழுத்துக்கூட்டலுக்கு அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் படி: பெயர்ச்சொல்லைத் தனியாக மனப்பாடம் செய்யாதீர்கள்

தமிழில் பால் என்பது பொருளைப் பார்த்தால் தெரிந்துவிடும். ஆள் என்றால் ஆணோ பெண்ணோ, மற்றதெல்லாம் அஃறிணை. பிரெஞ்சில் அஃறிணையே கிடையாது. சாப்பாட்டு மேசை ('தாபிள்') பெண்பால்; எழுதும் மேசை ('ப்யூரோ') ஆண்பால். காரணம் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். மீசை முறுக்கிய ஆசாமியைக் குறித்தாலும் 'பெர்ஸோன்' (ஆள்), 'விக்தீம்' (பாதிக்கப்பட்டவர்) இரண்டும் பெண்பால்தான். பால் ஒட்டியிருப்பது சொல்லில், ஆளில் அல்ல.

நோட்டில் எழுதும்போது 'தாபிள் - மேசை' என்று எழுதாதீர்கள். 'யூன் தாபிள்' என்று எழுதுங்கள். ஆண்பால் என்றால் 'அன் ப்யூரோ'. 'யூன்', 'அன்' இரண்டுக்கும் பொருள் 'ஒரு'. பலர் 'லெ', 'லா' (ஆங்கிலத்தின் 'the' போன்றவை) சேர்த்து மனப்பாடம் செய்கிறார்கள். நான் 'அன்', 'யூன்' பக்கம்தான். உயிரொலியில் தொடங்கும் சொல்லுக்கு முன்னால் 'லெ'யும் 'லா'வும் தம் உயிரை இழந்து வெறும் 'ல்' ஆகிவிடும். 'லேகோல்' (பள்ளி), 'லார்பிர்' (மரம்) என்று கேட்டால் எது எந்தப் பால் என்று தெரியாது. 'யூன் ஏகோல்', 'அன் ஆர்பிர்' என்றால் தெரிந்துவிடும்.

ஈற்றொலி ஓரளவு கைகொடுக்கும். 'ஸியோன்' என்று முடிந்தால் அநேகமாகப் பெண்பால்: 'நாஸியோன்', 'ஸ்தாஸியோன்'. பண்புப்பெயர் 'தே' என்று முடிந்தாலும் அப்படியே. பிரெஞ்சுக் குடியரசின் முழக்கமான 'லிபெர்தே, எகாலிதே, ஃப்ராதெர்னிதே' மூன்றும் பெண்பால் என்பதை நினைவில் வைத்தால் இந்த விதி மறக்காது. 'ஆஜ்' (வாயாஜ், பயணம்), 'மான்' (கூவெர்ன்மான், அரசாங்கம்), 'இஸ்ம்' (தூரிஸ்ம்) ஆகியவை ஆண்பால். விலக்குகள் உண்டு: 'ப்லாஜ்' (கடற்கரை), 'பாஜ்' (பக்கம்), 'இமாஜ்' (படம்) பெண்பால். அவர்களுக்கே எல்லாம் தெளிவு என்று நினைக்க வேண்டாம். 2020-இல் கோவிட் வந்தபோது மக்கள் 'லெ கோவிட்' என்று பேசிக்கொண்டிருக்க, பிரெஞ்சு மொழிக் கழகமான அகாதெமி ஃப்ரான்ஸேஸ் 'லா கோவிட்' என்பதே சரி என்று அறிவித்தது. தெருவில் பெரும்பாலும் 'லெ' தான் நிலைத்தது.

பெயரடையும் பாலுக்கேற்ப மாறும். இங்கே ஒரு சுலபமான பழக்கம்: பெண்பால் வடிவத்தை முதலில் படியுங்கள். 'ப்தித்' (சிறிய), 'வேர்த்' (பச்சை), 'ப்லான்ஷ்' (வெள்ளை). கடைசி மெய்யொலியை உதிர்த்தால் ஆண்பால் கிடைத்துவிடும்: 'ப்தி', 'வேர்', 'ப்லான்'. பாடநூல்கள் ஆண்பாலிலிருந்து பெண்பாலுக்குப் போகச் சொல்லும். அதில் எந்த மெய்யைச் சேர்ப்பது என்று ஊகிக்க வேண்டியிருக்கும். உதிர்ப்பதற்கு ஊகம் வேண்டாம்.

இதோடு சேர்ந்த ஒரு பொறி உடைமைச் சொல். 'அவன் அம்மா', 'அவள் அம்மா' இரண்டுக்கும் 'ஸா மேர்'. அப்பா என்றால் இரண்டுக்கும் 'ஸோன் பேர்'. அம்மா பெண்பால், அதனால் 'ஸா'. உடையவர் ஆணா பெண்ணா என்று அந்தச் சொல் கவலைப்படுவதே இல்லை. நம் 'தன்' என்ற சொல்லை நினைத்துக்கொள்ளுங்கள். 'ராமன் தன் அம்மாவை', 'சீதை தன் அம்மாவை' என்கிறோம், 'தன்' மாறுவதில்லை. பிரெஞ்சில் அந்தத் 'தன்'னுக்கு அடுத்து வரும் பெயரின் பால் ஏறுகிறது என்று மட்டும் சேர்த்துக்கொண்டால் போதும்.

இரண்டாம் படி: ஒரே காப்பி, மூன்று முன்சொல்

எனக்குக் காப்பி பிடிக்கும். காப்பி குடிக்கிறேன். காப்பி குடிப்பதில்லை. தமிழில் மூன்றிலும் அதே காப்பி. பிரெஞ்சில் அப்படி வெறுமனே விட முடியாது.

'ஜேம் லெ காஃபே': காப்பி என்கிற பொருளையே பொதுவாகப் பிடிக்கும், அதனால் 'லெ'. 'ஜெ ப்வா ட்யூ காஃபே': அந்தப் பொருளில் கொஞ்சம் குடிக்கிறேன், அளவு சொல்லவில்லை, அதனால் 'ட்யூ' (பெண்பாலுக்கு 'டெ லா', பன்மைக்கு 'டே'). 'ஜெ நெ ப்வா பா டெ காஃபே': எதிர்மறை வந்ததும் 'ட்யூ' சுருங்கி 'டெ' ஆகிவிட்டது. பிடிக்கும், பிடிக்காது என்று சொல்லும் வினைகளில் எதிர்மறையிலும் 'லெ' அப்படியே நிற்கும்: 'ஜெ நேம் பா லெ காஃபே'. இந்த வேறுபாட்டைக் காதில் ஏற்றிக்கொண்டாலே பாதிப் பிரச்சினை தீரும்.

அளவு சொல்லிவிட்டால் பெரும்பாலும் வெறும் 'டெ': 'அன் கிலோ டெ தொமாத்', 'போகூ டெ மோன்ட்' (நிறையப் பேர்). பன்மைதானே என்று 'அன் கிலோ டே தொமாத்' என்று கேட்பது நம்மவர்கள் காய்கறிக்கடையில் அடிக்கடி செய்யும் பிழை. 'இது காப்பி அல்ல, தேநீர்' என்று பொருளை அடையாளம் காட்டும்போது மட்டும் எதிர்மறையிலும் 'ட்யூ' மாறாது: 'ஸெ நே பா ட்யூ காஃபே, ஸே ட்யூ தே'.

இடப்பெயர்களை ஒரே மூச்சில் முடித்துவிடலாம். ஊருக்கு 'ஆ': 'ஆ பரி', 'ஆ போன்டிஷேரி'. பெண்பால் நாட்டுக்கும் உயிரொலியில் தொடங்கும் நாட்டுக்கும் 'ஆன்': 'ஆன் ஃப்ரான்ஸ்', 'ஆன் ஏன்ட்' (இந்தியாவில்). ஆண்பால் நாட்டுக்கு 'ஓ': 'ஓ கனடா', 'ஓ ஸ்ரீலங்கா'. மருத்துவரிடம், நண்பர் வீட்டில், முடிதிருத்தகத்தில் என்று ஆளின் இடத்தைச் சொல்ல 'ஷே'.

மூன்றாம் படி: இறங்கினேன், இறக்கினேன்

கடந்தகாலம் சொல்ல முன்னால் ஒரு துணைவினை வேண்டும். பெரும்பாலான வினைகளுக்கு 'அவ்வார்' (வைத்திரு): 'ஜே மான்ஜே', சாப்பிட்டேன். ஒரு சிறு கூட்டத்துக்கு மட்டும் 'எத்ர்' (இரு): 'ஜெ ஸ்யுயி பார்தி', கிளம்பினேன். அந்தக் கூட்டத்தை ஒரு வீட்டுப் படமாக வரைந்து காட்டுவார்கள்: வா, போ, வந்துசேர், கிளம்பு, நுழை, வெளியேறு, ஏறு, இறங்கு, திரும்பு, தங்கு, விழு, பிற, இற. முதலில் இந்தப் பட்டியலைப் படித்துவிடுங்கள். அதற்குக் குறுக்கு வழி இல்லை.

ஆனால் குழப்பம் தொடங்குவது பட்டியலுக்குப் பிறகு. இதே வினைகளில் சில திடீரென்று 'அவ்வார்' எடுக்கும். பாடநூல் 'செயப்படுபொருள் வந்தால்' என்று ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போகும்; மாணவர் தலை சுற்றும். தமிழ் தெரிந்தவருக்குத் தலை சுற்ற வேண்டிய அவசியமே இல்லை, ஏனென்றால் நாம் இதே வேறுபாட்டை வினைச்சொல்லுக்குள்ளேயே வைத்திருக்கிறோம்.

'ஜெ ஸ்யுயி டெஸான்ட்யூ' என்றால் இறங்கினேன். 'ஜே டெஸான்ட்யூ லா வலீஸ்' என்றால் பெட்டியை இறக்கினேன்.

'ஜெ ஸ்யுயி மோன்தே', ஏறினேன். 'ஜே மோன்தே லா வலீஸ்', பெட்டியை மேலே ஏற்றினேன்.

'ஜெ ஸ்யுயி ரெதூர்னே ஓ பேயி', ஊருக்குத் திரும்பினேன். 'ஜே ரெதூர்னே லா க்ரேப்', கல்லில் கிடந்த க்ரேப்பை (தோசை போன்ற பிரெஞ்சுப் பண்டம்) திருப்பினேன்.

இறங்கு-இறக்கு, ஏறு-ஏற்று, திரும்பு-திருப்பு. நாம் ஒலியை மாற்றுகிறோம், அவர்கள் துணைவினையை மாற்றுகிறார்கள். இப்படி ஒலி தடிக்கிற இடத்தில் 'எத்ர்' போய் 'அவ்வார்' வரும். 'ஸோர்தீர்' என்ற வினைக்குத் தமிழில் இப்படி ஒரு ஜோடி இல்லை என்றாலும் கணக்கு அதேதான்: 'ஜெ ஸ்யுயி ஸோர்தி', வெளியே போனேன், 'ஜே ஸோர்தி லா பூபெல்', குப்பைத்தொட்டியை வெளியே எடுத்து வைத்தேன்.

இந்தச் சோதனை எங்கே உடைகிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். நடந்தேன், ஓடினேன், தூங்கினேன் எல்லாம் தன்வினைதான். ஆனால் அவை அந்த வீட்டுப் படத்தில் இல்லாதவை, எனவே 'ஜே மார்ஷே', 'ஜே கூர்யூ', 'ஜே டோர்மி' என்று 'அவ்வார்'தான். ஆக, பட்டியல் முதலில், தமிழ்ச் சோதனை பிறகு. இன்னொன்று: படியேறினேன் என்பதில் நமக்கு ஏறுதான். பிரெஞ்சில் படிக்கட்டு செயப்படுபொருளாகிவிடுவதால் 'ஜே மோன்தே லெஸ்காலியே'.

'பாஸே' என்ற வினையைப் பற்றித் தனியாக ஓர் எச்சரிக்கை. 'ஜே பாஸே லெக்ஸாமேன்' என்றால் தேர்வு எழுதினேன் என்று மட்டுமே பொருள். பாஸ் ஆனேன் என்று பெருமையாகச் சொல்ல 'ஜே ரேயுஸி' வேண்டும். வேலைக்கான நேர்காணலில் இந்த இரண்டும் மாறினால் எதிரில் இருப்பவருக்கு உங்கள் சான்றிதழ் பற்றியே சந்தேகம் வரும்.

அடுத்து 'ஸெ' (தன்னை) சேரும் வினைகள்; நான் என்றால் அது 'மெ' ஆகும். இவை அனைத்தும் 'எத்ர்' எடுக்கும். எங்கெல்லாம் 'ஸெ' வரும் என்று ஊகிக்கத் தமிழின் 'கொள்' துணை நிற்கும். வெட்டிக்கொண்டேன்: 'ஜெ மெ ஸ்யுயி கூபே'. இடித்துக்கொண்டேன்: 'ஜெ மெ ஸ்யுயி கோஞ்ஞே'. செயல் செய்தவர் மீதே திரும்புகிறது என்பதை நாம் 'கொள்' போட்டுச் சொல்கிறோம். ஆனால் எழுந்தேன், குளித்தேன் ஆகியவற்றில் நமக்குக் 'கொள்' இல்லை, அவர்களுக்கு 'ஸெ' உண்டு; காலையில் செய்கிற வேலைகளை மட்டும் தனியாகப் படியுங்கள். ஆங்கிலத்தை ஒதுக்கியவருக்கு இன்னொரு லாபம்: கை கழுவினேன் என்பதற்கு நாம் 'என் கை' என்று சொல்வதில்லை, பிரெஞ்சுக்காரரும் சொல்வதில்லை. 'ஜெ மெ ஸ்யுயி லாவே லே மேன்'. தலைவலிக்கும் அப்படியே, 'ஜே மால் ஆ லா தெத்'.

'எத்ர்' வரும்போது வினையின் ஈறு பொதுவாக எழுவாயின் பாலுக்கும் எண்ணுக்கும் ஏற்ப எழுத்தில் மாறும். பேச்சில் பெரும்பாலும் கேட்காது. 'அவ்வார்' வரும்போது செயப்படுபொருள் முன்னால் வந்திருந்தால் ஈறு மாறும் என்கிற விதி பேர்பெற்றது. அதில் இப்போதே மூழ்க வேண்டாம். பிரெஞ்சுக்காரர்களே எழுதும்போது தடுமாறுகிற இடம் அது.

நான்காம் படி: 'போவோம்' எப்போது கடந்தகாலம்?

பிரெஞ்சில் இரண்டு கடந்தகாலங்கள் அருகருகே புழங்குகின்றன. ஒன்று மேலே பார்த்த 'பாஸே கோம்போஸே'. மற்றது 'ஏன்பார்ஃபே'. எதை எங்கே போடுவது என்று நூல்கள் பக்கம் பக்கமாக விளக்கும். தமிழில் அந்த வாக்கியத்தைப் பேச்சு வழக்கில் சொல்லிப் பாருங்கள்.

"சின்ன வயசுல தினமும் ஆத்துக்குப் போவோம்." நடந்தது கடந்தகாலத்தில், வினை எதிர்கால வடிவத்தில். வழக்கமாக நடந்ததை நாம் இப்படித்தான் சொல்கிறோம். இந்தப் 'போவோம்' வருகிற இடம் ஏன்பார்ஃபே: 'கான் ஜேதே ப்தி, ஓன் அலே ஆ லா ரிவியேர் தூ லே ஜூர்'.

"மழை பெஞ்சுக்கிட்டு இருந்துச்சு, பஸ் வந்துச்சு." முதலாவது ஏன்பார்ஃபே, இரண்டாவது பாஸே கோம்போஸே: 'இல் ப்லெவே கான் லெ ப்யூஸ் ஏ தாரிவே'. 'கொண்டிருந்தது' பின்னணி, 'வந்தது' சம்பவம்.

"வீடு பெருசா இருந்துச்சு." நிலையைச் சொல்லும் 'இருந்தது' பெரும்பாலும் ஏன்பார்ஃபே: 'லா மேஸோன் எதே க்ரான்ட்'.

நீண்ட காலம் நடந்தது என்றாலே ஏன்பார்ஃபே என்று ஒரு தவறான எண்ணம் வகுப்புகளில் உலவுகிறது. "பத்து வருஷம் அந்தக் கடையில வேலை பார்த்தேன்" என்பதைப் பாருங்கள். பத்து வருஷம் கொஞ்சமல்ல, ஆனாலும் நாம் 'பார்த்தேன்' என்று முடித்து வைக்கிறோம். பிரெஞ்சிலும் அது முடிந்த கணக்கு: 'ஜே த்ராவாயே டீஸ் ஆன் டான் ஸெ மாகாஸேன்'. நீளம் முக்கியமல்ல, முடிச்சுப் போட்டாயிற்றா என்பதே முக்கியம். பத்து வருஷத்துக்கு முன்னால் என்று சொல்ல 'இல் யா டீஸ் ஆன்'.

'ஸாவ்வார்' (தெரிதல்) இங்கே அழகாக விழுகிறது. 'ஜெ ஸாவே' என்றால் எனக்கு முன்பே தெரிந்திருந்தது. 'ஜே ஸ்யூ' என்றால் தெரிய வந்தது. ஒரே வினை, காலம் மாறியதும் பொருளே மாறுகிறது.

ஐந்தாம் படி: 'அவரை', 'அவருக்கு'

'ஜெ வ்வா லெ டிரெக்தெர்' என்றால் இயக்குநரைப் பார்க்கிறேன். வினை முதலில், ஆள் பின்னால். ஆனால் பெயரை எடுத்துவிட்டு 'அவரை' என்று போட்டால் வரிசை அப்படியே தமிழ் வரிசை ஆகிவிடும். 'ஜெ லெ வ்வா': நான், அவரை, பார்க்கிறேன். ஆங்கில வரிசையைப் பிடித்துக்கொண்டவர்கள் 'அவரை'யைக் கடைசியில் தள்ளித் தடுமாறுவதை எந்த வகுப்பிலும் பார்க்கலாம்.

அடுத்து வேற்றுமை. 'ஐ' உருபு வந்தால் 'லெ, லா, லே'. 'கு' உருபு வந்தால் 'லுயி', பன்மைக்கு 'லெர்'. 'லுயி' என்பதில் ஆண், பெண் தெரியாது. நம் 'அவருக்கு' என்பதிலும்தான் தெரியாது. அவருக்குக் கொடுக்கிறேன்: 'ஜெ லுயி டோன்'. அவருக்குப் போன் பண்ணுகிறேன்: 'ஜெ லுயி தெலெஃபோன்'. அவருக்குப் பதில் சொல்கிறேன்: 'ஜெ லுயி ரேபோன்'. 'இடம்' உருபும் இதே பெட்டிக்குள் போகும்: அவரிடம் கேட்கிறேன், 'ஜெ லுயி டெமான்ட்', அவரிடம் பேசுகிறேன், 'ஜெ லுயி பார்ல்'.

ஏமாற்றுகிறவை மூன்று. உதவுவது, நன்றி சொல்வது, காத்திருப்பது. தமிழில் 'அவருக்கு உதவினேன்', 'அவருக்கு நன்றி சொன்னேன்', 'அவருக்காகக் காத்திருந்தேன்'. பிரெஞ்சில் மூன்றும் 'ஐ' வினைகள்: 'ஜெ லெட்', 'ஜெ லெ ரெமெர்ஸி', 'ஜெ லாதான்'. இந்த மூன்றையும் ஒரு தாளில் எழுதிக் கண்ணாடிப் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள்.

'எனக்கு' என்று தொடங்கும் நம் வாக்கியங்கள் பிரெஞ்சில் இரண்டாகப் பிரிகின்றன. பிடித்திருக்கிறது, வேண்டும் ஆகியவை 'எனக்கு'வாகவே நிற்கும்: 'ஸா மெ ப்லே', 'இல் மெ ஃபோ அன் கிலோ'. பசி, தாகம், தூக்கம், குளிர், வயது எல்லாம் 'வைத்திருக்கிறேன்' ஆகிவிடும்: 'ஜே ஃபேன்' (பசிக்கிறது), 'ஜே த்ரான்த் ஆன்' (முப்பது வயது). வயதைச் சொல்லும்போது 'ஜெ ஸ்யுயி' போட்டால் அது ஆங்கிலத்தின் வேலை என்று உடனே கண்டுபிடித்துவிடலாம்.

இனி 'ஆன்', 'இ' என்ற இரண்டு துக்கடாக்கள். "எத்தனை பிள்ளைங்க?" என்று கேட்டால் "ரெண்டு" என்போம். "பேங்குக்குப் போறியா?" என்றால் "போறேன்" என்போம். தமிழில் தெரிந்த விஷயத்தை விட்டுவிடலாம். பிரெஞ்சில் அந்த நாற்காலி காலியாக இருக்கக் கூடாது, யாராவது உட்கார்ந்தாக வேண்டும். 'டெ' சேர்ந்த பொருளுக்கும் எண்ணிக்கைக்கும் 'ஆன்': 'ஜான் ஏ டோ' (இரண்டு பேர் இருக்கிறார்கள்). 'ஆ' சேர்ந்த இடத்துக்கு 'இ': 'ஜி வே' (போகிறேன்). வெறும் 'ஜெ வே' என்று நிறுத்தினால் வாக்கியம் அந்தரத்தில் தொங்கும்.

இரண்டு பிரதிப்பெயர் சேர்ந்து வரும் வரிசைகளை இலக்கணமாகப் படிக்காமல் இரண்டு வாக்கியங்களாக வாயில் போட்டுக்கொள்ளுங்கள்: 'இல் மெ லெ டோன்' (எனக்கு அதைத் தருகிறார்), 'ஜெ லெ லுயி டோன்' (அவருக்கு அதைத் தருகிறேன்).

ஆறாம் படி: 'என்று' இருந்தால் பயப்பட வேண்டாம்

'ஸுப்ஜோன்க்திஃப்' (விருப்பம், கட்டாயம், ஐயம் போன்றவற்றைச் சொல்லும்போது வினை எடுக்கும் தனி வடிவம்) என்ற பெயரே பலரைத் துரத்திவிடுகிறது. எங்கே போட வேண்டும் என்ற பட்டியல் நீளம். முதல் வடிகட்டலைத் தமிழ் செய்யும். முழுவினையோடு 'என்று' வந்தால் பெரும்பாலும் சாதாரண வினையே போதும். 'அவர் வருவார் என்று நினைக்கிறேன்': 'ஜெ பான்ஸ் கில் வியேன்ட்ரா'. 'வருவார் என்று நம்புகிறேன்': 'ஜெஸ்பேர் கில் வியேன்ட்ரா'. இரண்டாவதை ஸ்பானிய மொழி படித்தவர்கள்கூடத் தவறவிடுவார்கள், நாம் விட மாட்டோம்.

மாறாக 'வரணும்' என்று வினை முழுமை பெறாமல் நின்றால் ஸுப்ஜோன்க்திஃப் வாசலில் நிற்கிறது: 'இல் ஃபோ கெ த்யூ வியென்' (நீ வரணும்), 'ஜெ வ்வெ கெ த்யூ வியென்' (நீ வரணும் என்பது என் விருப்பம்). வருவதற்கு முன் ('அவான் கில் வியென்'), வருவதற்காக ('பூர் கில் வியென்'), வந்தாலும் ('பியேன் கில் வியென்') என்பவையும் அப்படியே. ஆனால் இந்தப் பக்கத்தில் விலக்கு அதிகம். வந்தபோது, வந்ததால், வந்த பிறகு மூன்றுக்கும் சாதாரண வினைதான். 'வந்த பிறகு' என்பதற்குப் பிரெஞ்சுக்காரர்கள் பேச்சில் ஸுப்ஜோன்க்திஃப் போடுவதையும் கேட்பீர்கள். தேர்வுத்தாளில் நீங்கள் போட வேண்டாம். பயத்துக்கு 'என்று' விதி பொருந்தாது. 'வந்துடுவாரோன்னு பயமா இருக்கு' என்பதில் அந்த 'ஓ' ஐயத்தைக் காட்டிவிடுகிறது: 'ஜே பெர் கில் வியென்'.

செய்பவர் ஒருவரே என்றால் இந்தச் சிக்கலே இல்லை. நான் போக விரும்புகிறேன்: 'ஜெ வ்வெ பார்தீர்'. வடிவங்களிலும் பயப்பட அவ்வளவு இல்லை. 'பார்லே' போன்ற பெருவாரியான வினைகளுக்கு ஒருமையில் நிகழ்காலமும் இதுவும் ஒரே ஒலி. தனியாகப் படிக்க வேண்டியவை ஏழெட்டுதான்: 'ஸ்வா' (இரு), 'ஏ' (வைத்திரு), 'ஆய்' (போ), 'ஃபாஸ்' (செய்), 'வியென்' (வா), 'ப்யுயிஸ்' (இயலு), 'ஸாஷ்' (அறி).

பேச்சில் மட்டும் தெரியும் சில பொறிகள்

'த்யூ வியேன் பா?' என்று ஒருவர் கேட்கிறார். வரலையா? நாம் "ஆமா, வரலை" என்போம். அந்த 'ஆமா'வை 'வீ' என்று சொல்லிவிடாதீர்கள். வரவில்லை என்றால் 'நோன்'. வருகிறேன் என்றால் 'ஸி'. எதிர்மறைக் கேள்விக்கு வெறும் 'வீ' பதிலாக வராது.

எதிர்மறையில் இரண்டு துண்டு உண்டு, 'நெ' மற்றும் 'பா'. பேச்சில் 'நெ' விழுந்துவிடும், எழுத்தில் விழக் கூடாது. இதனால் வரும் ஒரு சங்கடம்: 'ஜான் வ்வெ ப்ல்யூ' என்றால் போதும், இனி வேண்டாம். 'ஜான் வ்வெ ப்ல்யூஸ்' என்று கடைசி ஒலியையும் சொன்னால் இன்னும் வேண்டும். விருந்துக்குப் போன இடத்தில் கவனம்.

காதைப் பழக்க, ஆர்எஃப்ஐ வானொலி எளிய பிரெஞ்சில் பத்து நிமிடச் செய்தி ஒன்றை ஒலிபரப்புகிறது. இணையத்தில் எழுத்து வடிவமும் கிடைக்கும். பிரெஞ்சுத் தொலைக்காட்சியான தேவே ஸேங்க் மோன்ட் (TV5MONDE) தளத்தில் தரவாரியாக இலவசப் பயிற்சிகள் உண்டு. செய்தியைக் கேட்கும்போது ஒரே ஒரு விஷயத்தை மட்டும் தேடுங்கள். இன்று 'எத்ர்' வரும் வினைகள், நாளை ஏன்பார்ஃபே. எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் பிடிக்கப் பார்த்தால் எதுவும் தங்காது.

'த்யூ', 'வூ' என்பவை நம் நீ, நீங்கள்தான் என்று சொல்லித் தருவார்கள். பெரும்பாலும் சரி, ஆனால் எல்லை வேறு இடத்தில் இருக்கிறது. நம் வீடுகளில் அப்பாவை 'நீங்கள்' என்கிறவர்கள் நிறைய. பிரான்சில் பெரும்பாலான வீடுகளில் பெற்றோர், தாத்தா, பாட்டி எல்லோரும் 'த்யூ'. அலுவலகத்தில் மேலதிகாரியைக்கூடப் பல இடங்களில் 'த்யூ' என்பார்கள். அதே ஆள் பேக்கரியில் ரொட்டி விற்கும் இளைஞனை 'வூ' என்பார். வயதோ பதவியோ மட்டும் அதைத் தீர்மானிப்பதில்லை, பழக்கமும் தீர்மானிக்கிறது. 'நாம்', 'நாங்கள்' வேறுபாடு அங்கே இல்லை; இரண்டுக்கும் நூலில் 'நூ', வாயில் 'ஓன்'. புதியவரிடம் 'வூ'வில் தொடங்குங்கள். நெருக்கம் வந்ததும் 'ஓன் ஸெ த்யூத்வா?' ('த்யூ' போட்டுப் பேசலாமா?) என்று அவர்களே கேட்பார்கள்.